சின்னக் குளியலறைக்கு இரண்டு நிறம் வேண்டும்

லண்டனில் வீடு திருத்துகிற எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் குளியலறை விஷயத்தில் ஒரே பதில்தான் வரும்: "சின்ன அறை, வெள்ளை அடிச்சால்தான் பெரிசாத் தெரியும்." சுவர் வெள்ளை, டைல்ஸ் வெள்ளை, கொமோட் வெள்ளை, பேசின் வெள்ளை, கதவும் வெள்ளை. கடைக்காரரும் அதையே சொல்கிறார். வேலைக்கு வருகிற அண்ணையும் அதையே சொல்கிறார். இன்ஸ்டாகிராமும் அதையே காட்டுகிறது.

என் கருத்து வேறு. வயதானவர்கள் இருக்கிற வீட்டின் சின்னக் குளியலறைக்குக் கட்டாயம் இரண்டு நிறம் வேண்டும். கீழே கடும் நிறம், மேலே வெளிர் நிறம். வடிவாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். முதல் காரணம், அந்த அறைக்குள் போகிறவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும் என்பது.

"இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறாய், வீடு அப்பா அம்மாவுடையதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் நிற அட்டையைப் புரட்டுவது யார்? ஒன்லைனில் டைல்ஸ் ஓடர் பண்ணுவது யார்? பிளம்பரோடு ஆங்கிலத்தில் கதைப்பது யார்? பெரும்பாலும் நாங்கள்தான். முடிவு அவர்களுடையது என்றாலும், அவர்கள் முன்னால் எந்த மூன்று படத்தை வைப்பது என்று தீர்மானிப்பது நாங்கள்.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

குளியலறை என்றால் வெள்ளை என்பது இயற்கை விதி மாதிரி எங்களுக்குத் தோன்றுகிறது. அது ஒரு காலத்தில் வந்த பழக்கம். நோயைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் நிறுவியது. அதன் பிறகு ஆஸ்பத்திரிகளிலும் வசதியான வீடுகளிலும் வெள்ளை டைல்ஸ் பரவியது. அழுக்கு இருந்தால் உடனே தெரியவேண்டும் என்பது நோக்கம். அதாவது, வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததே ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் எடுப்பாகத் தெரியும் என்பதற்காகத்தான்.

இடையில் 1970களில் இந்த நாடு முழுக்க அவகாடோப் பச்சை நிறக் கொமோட்டும் குளியல் தொட்டியும் வந்தன. பழைய வீடு பார்க்கப் போனவர்களுக்கு அந்தப் பச்சை ஞாபகம் இருக்கும். பிறகு அது கேலிப்பொருளாகி, மறுபடியும் வெள்ளை வந்தது. ஆக, இது போய்ப் போய் வருகிற நாகரிகம். இன்றைய பிரச்சினை என்னவென்றால், இப்போது எல்லாமே வெள்ளை. அழுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது. உட்கார வேண்டிய இடம் தெரிவதில்லை.

கண் எதைப் பார்க்கிறது?

ஒரு பொருளின் விளிம்பைக் கண் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தால். பொருள் ஒரு அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதன் பின்னால் உள்ள சுவர் வேறு அளவு அனுப்புகிறது. அந்த வித்தியாசம்தான் விளிம்பு. இருபது வயதுக் கண்ணுக்கு மிகச் சின்ன வித்தியாசமே போதும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருக்கிற வெள்ளைப் பேசினை நீங்கள் அதன் மெல்லிய நிழலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வயது போகப் போக இது மாறுகிறது. கண்மணி சுருங்குகிறது. கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, தடிக்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை வந்தால் வெளிச்சம் சிதறி, இருக்கிற வித்தியாசமும் மங்கிவிடும். கண் பரிசோதனையில் எழுத்துகளை நன்றாக வாசிக்கிற ஒருவருக்குக்கூட, வெளிர் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளையைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாக இருக்கலாம். அந்த எழுத்துகள் கறுப்பு, அட்டை வெள்ளை. வீடு அப்படி இல்லை.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. சீனி வருத்தம். தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருகிற வாய்ப்பு, இந்த நாட்டின் வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் இரண்டிலிருந்து நான்கு மடங்கு. அது விழித்திரையையும் தாக்கும். நிறங்களைப் பிரித்துப் பார்க்கிற திறமை குறைவது அதன் விளைவுகளில் ஒன்று. ஆகவே இது எண்பது வயது அம்மம்மாவின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐம்பத்தைந்து வயதில் இரவு வேலை முடிந்து வருகிற உங்கள் அப்பாவின் கதையாகவும் இருக்கலாம்.

எங்கள் அம்மம்மாவைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் சீனி வருத்தம். குளியலறைக்குள் போனால் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு போவார். உட்காருவதற்கு முன்னால் காலின் பின்பக்கத்தால் கொமோட்டைத் தேடுவார். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பிளேன்ரீ குடிப்பதை நிறுத்திவிட்டார். இரவில் எழும்ப வேண்டி வரும் என்ற பயம். வந்து போகிற உறவினர்கள், "வயசு போட்டுது, கவனமில்லை" என்றார்கள். அவர் எதுவும் சொன்னதில்லை. குறை தன்னுடைய கண்ணில்தான் என்று நினைத்திருந்தார்.

சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கடும் பச்சை அடித்து, கொமோட்டுக்குக் கடும் நீல சீட் போட்ட அடுத்த நாள் அவர் சொன்னது இதுதான்: "இப்பதான் அது இருக்கிற இடம் தெரியுது." அவருடைய கண் அப்படியேதான் இருந்தது. சுவர்தான் மாறியது.

வேலையில் செய்கிறோம், வீட்டில் ஏன் இல்லை?

நான் ஐ.டி. துறையில் வேலை செய்கிறவன். ஒரு இணையப் பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துப் போட்டால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவோம். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச வழிகாட்டல் இருக்கிறது. அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வித்தியாசம் வேண்டும் என்று இருக்கிறது. 2018இல் வந்த பதிப்பு, பட்டன் போன்ற பாகங்களுக்கும் 3க்கு 1 கேட்கிறது. உங்களில் கணினி படிக்கிறவர்கள் இதை முதலாம் வருடத்திலேயே படித்திருப்பீர்கள்.

ஒரு பட்டன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் யாரோ ஒருவருக்குப் படிவம் நிரப்ப முடியாமல் போகும். குளியல் தொட்டியின் விளிம்பு தெரியாவிட்டால் இடுப்பெலும்பு முறியும். பட்டனுக்கு எண் வைத்துச் சோதிக்கிறோம். தொட்டிக்கு, "வெள்ளைதான் நல்லது" என்கிற வாய்ச்சொல் போதும் என்று விட்டுவிடுகிறோம். இந்த முரண்தான் என்னை இதை எழுத வைத்தது.

எண் இங்கேயும் உண்டு

பெயின்டுக்கான விவரத்தாளில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண்ணைப் பார்ப்பீர்கள். தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் எத்தனை வீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. பிரித்தானியாவின் பி.எஸ். 8300 தரநிலை, பார்வை குறைந்தவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு இடையே இந்த எண்ணில் 30 புள்ளி வித்தியாசத்தைக் கேட்கிறது. பொதுக் கழிப்பறைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில், வெள்ளைச் சுவரில் கடும் நீலக் கைப்பிடிக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. சொந்த வீட்டுக்கு யாரும் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் நாங்களாகவே செய்யவேண்டும்.

ஒரு அறையில் ஒன்றையொன்று தொடுகிற மூன்று பரப்புகளை எடுங்கள்: கொமோட், அதன் பின்னால் உள்ள சுவர், அதன் கீழே உள்ள தரை. வெள்ளைக் கொமோட்டை 85 என்று வையுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று 30 தள்ளி இருக்கவேண்டும் என்றால், தரை 50க்குக் கொஞ்சம் கீழே, சுவரின் கீழ்ப்பகுதி 15 அளவில் வரவேண்டும். 48 என்றால் நடுத்தரச் சாம்பல் அல்லது மணல் நிறம். 15 என்றால் கடும் பச்சை, கடும் நீலப்பச்சை, செங்கல் நிறத்தின் கடும் வகை. கறுப்புவரை போகத் தேவையில்லை.

சுவரின் மேல்பகுதி வெளிர் நிறமாக, 80 அளவில் இருக்கட்டும். இரண்டும் சந்திக்கிற கோடு தரையிலிருந்து 90 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடையில் வந்தால் நல்லது. பேசினின் விளிம்பு வழக்கமாக 85 செ.மீ. அளவில் இருக்கும். ஆகவே பேசின், கொமோட், தொட்டி எல்லாமே கடும் நிறத்துக்கு முன்னால் வந்துவிடும். சரியாகச் சுவரின் பாதியில் கோட்டைப் போடாதீர்கள். இரண்டு சம துண்டாக வெட்டியது போல அறை இன்னும் கட்டையாகத் தெரியும். ஜன்னலின் அடிக்கட்டை, டைல்ஸின் மேல் விளிம்பு என்று ஏற்கனவே அங்கே இருக்கிற ஏதாவது ஒரு கோட்டோடு சேர்த்துவிட்டால் வடிவாக இருக்கும்.

இருட்டாகிவிடாதா?

இது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். இங்கே விற்கிற சாதாரணக் குளியல் தொட்டியின் நீளம் 1.7 மீட்டர். பல வீடுகளில் குளியலறையின் அகலமே அதுதான். நீளம் 2.1 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்று எடுத்தால், கதவு ஜன்னலைக் கழிக்காமல் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். முழுவதும் 80 என்றால் சராசரியும் 80. கீழ் 1 மீட்டரை 15 ஆக்கினால் சராசரி 53 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உண்மைதான்.

ஆனால் வெளிச்சம் குறைவதை ஒரு பிரகாசமான பல்ப் ஈடுசெய்யும். வித்தியாசம் இல்லாததை எந்தப் பல்பாலும் ஈடுசெய்ய முடியாது. வெள்ளைக்கு முன்னால் வெள்ளையை வைத்துவிட்டு எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் பிரகாசமாகும். அதோடு மினுக்கமான டைல்ஸில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் வயதான கண்ணைக் கூசவைக்கும். ஆகவே மினுக்கம் இல்லாத, ஈரம் தாங்குகிற பெயின்ட், மேலே நல்ல பல்ப். இரண்டும் சேர்ந்தால் போதும்.

"சின்னதாகத் தெரியாதா?" என்பது அடுத்த கேள்வி. ஜன்னலே இல்லாத, பூமிக்கடியில் இருக்கிற சுரங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொவென்ட் கார்டன் நிலையம். 1907இல் திறந்தார்கள். அதன் மேடைச் சுவரில் இரண்டு விதமான மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த டைல்ஸ் கோலம். அதே காலத்தில் கட்டிய மற்ற நிலையங்களுக்கும் தனித்தனி நிறமும் கோலமும் உண்டு. அந்த ஒடுங்கிய குழாய்க்குள் நிற்கும்போது, சுவர் எங்கே முடிகிறது, எந்த நிலையத்தில் நிற்கிறோம் என்று கண் உடனே பிடித்துக்கொள்கிறது. ஊருக்குப் போனவர்கள் நல்லூர்க் கோயில் மதிலைப் பார்த்திருப்பீர்கள். காவியும் வெள்ளையும் பட்டைபட்டையாக, தூரத்திலிருந்தே இது கோயில் மதில் என்று சொல்லும். ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுவரின் கீழ்ப்பகுதி கடும் நிறமாக இருப்பதும் உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கை படுகிற, கால் படுகிற இடம் அது. இரண்டு நிறச் சுவர் எங்களுக்குப் புதிதில்லை. லண்டனுக்கு வந்துதான் மறந்துபோனோம்.

"வீட்டை விற்கும்போது விலை போகாது" என்று அப்பா சொல்வார். பெயின்ட் ஒரு நாள் வேலை. விற்கிற கிழமை வெள்ளை அடிக்கலாம். அதுவரைக்கும் அங்கே வாழப்போகிறவர்கள் நாங்கள்.

செய்யக்கூடாதவை

இரண்டு நிறம் என்றதும் எல்லோரும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கத் தரையைத்தான் தேடுவார்கள். படத்தில் அருமையாக இருக்கும். ஆனால் மறதி நோய் உள்ளவர்களுக்குக் கறுப்புக் கட்டம் குழி மாதிரித் தெரியலாம். தாண்டப் பார்த்து விழுவார்கள். கறுப்புக் கால்மிதியும் அப்படித்தான். தரை ஒரே நிறமாக, மினுக்கம் இல்லாமல் இருக்கட்டும். நிற வித்தியாசத்தைச் சுவரிலும் பொருட்களிலும் காட்டுங்கள்.

இரண்டாவது, லண்டன் தண்ணீர். இங்கே வருவது கடின நீர். காய்ந்தால் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவம் விடும். கடும் நிற மினுக்க டைல்ஸை ஷவருக்குள் போட்டால் ஒவ்வொரு துளியும் தெரியும். கழுவப்போவது அம்மாதான் என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் நேரே படுகிற இடத்துக்கு வெளிர் டைல்ஸ், மற்றச் சுவர்களின் கீழ்ப்பகுதிக்குக் கடும் பெயின்ட் என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது, நிறம் வேறு என்றால் வித்தியாசம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் உங்களுக்கு இரண்டு துருவமாகத் தெரியலாம். இரண்டின் எல்.ஆர்.வி.யும் 20 என்றால், மங்கிய கண்ணுக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். போன் கமராவில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சாம்பலில் பிரிந்து தெரிகிறதென்றால் சரி.

காசு இல்லை, வீடு எங்களுடையது இல்லை

வாடகை வீட்டில் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். கேட்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது கடும் நிற டொய்லெட் சீட். கழற்றுவதற்கு இரண்டு திருகாணிதான். போகும்போது பழையதைத் திருப்பிப் போட்டுவிடலாம். அடுத்தது துவாய். வெள்ளைச் சுவரில் வெள்ளைத் துவாய் தொங்கினால் துவாய்க் கம்பி இருப்பதே தெரியாது. கடும் சிவப்புத் துவாய் ஒன்று அதே கம்பியைக் காட்டிக்கொடுக்கும். குளியல் தொட்டியின் விளிம்பில் ஈரம் தாங்குகிற கடும் நிற ஒட்டுநாடா ஒட்டலாம். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு குடும்பத்துக்கு வெளியில் சாப்பாடு எடுக்கிற காசு வராது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உங்கள் கவுன்சிலோடும் கதையுங்கள். இங்கிலாந்தில், தேவை இருக்கிறது என்று கவுன்சில் மதிப்பிட்டால், 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களை இலவசமாகவே செய்துதர வேண்டும். கைப்பிடிக் கம்பி அதில் வரும். பெரிய வேலைகளுக்கு 30,000 பவுண்ட்வரை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமானக் கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் பெற்றோரில் பலர் இதைக் கேட்கவே மாட்டார்கள். பிச்சை எடுப்பது மாதிரி நினைப்பார்கள். வரி கட்டிய காசு என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். கம்பி பூட்ட ஆள் வரும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பி வேண்டாம், கடும் நிறத்தில் இருந்தால் தாருங்கள் என்று.

எங்கள் பெரியவர்கள் குறை சொல்லத் தெரியாதவர்கள். படி தெரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். கால் தடக்கினால், "நான்தான் பார்க்கேல்ல" என்பார்கள். வேறொரு நாட்டின் வீட்டுக்குள், வேறொருவர் தெரிவு செய்த நிறங்களுக்குள் சத்தமில்லாமல் பழகிக்கொள்வார்கள். பழக முடியாத இடத்தில் தேநீரைக் குறைப்பார்கள், குளிப்பதைக் குறைப்பார்கள், பிறகு மற்றவர் வீட்டுக்குப் போவதையும் குறைப்பார்கள். அதை வயது என்று நாங்கள் பெயர் வைத்துவிடுகிறோம். அதில் ஒரு பங்கு, யாரோ மாற்றியிருக்கக்கூடிய ஒரு பெயின்ட் நிறம்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக் குளியலறையில் இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கொமோட்டும் தொட்டியின் விளிம்பும் துவாய்க் கம்பியும் எங்கே என்று உடனே காட்ட முடியாவிட்டால், அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, என்ன நிறம் வேண்டும் என்று முதலில் அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கேளுங்கள்.